மின்வழங்கியின் ஓட்டத்தை அளத்தல்

கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவில் பாலாற்று நீர் தேக்கப்பெற்று, சுரங்க நகரத்தின் குடிநீராகக் குழாய் வழியே அனுப்பப்பட்டது. குழாயில் ஓடும் நீரின் அளவை அறிய விரும்பும் பொறியாளர் அதை வெளியே முகந்து பார்ப்பதில்லை. குழாயை ஓரிடத்தில் குறுக்கி, குறுகலுக்கு முன்னும் குறுகலிலும் உள்ள அழுத்தங்களின் வேறுபாட்டிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறார். மின்னோட்டத்தை அளக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே.

இதே தங்கவயலுக்கு 1902ஆம் ஆண்டில், 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அது மாறுதிசை மின்னோட்டம். அவ்வகை ஓட்டத்தைச் சிறு மின்மாற்றியைக் கொண்டு கம்பியை அறுக்காமலே அளந்துவிடலாம். பள்ளி ஆய்வுக்கூடத்து மின்வழங்கி தருவதோ நேர்திசை மின்னோட்டம். அதற்கு மின்மாற்றி பயன்படாது. ஆகவே சுற்றில் ஒரு சிறு தடையைத் தொடராக இணைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே தோன்றும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும்.

அத்தடை 0.1 ஓம் எனக் கொள்வோம். 1 ஆம்பியர் ஓடும்போது அதில் 0.1 வோல்ட் தோன்றும். தடையை 1 ஓமாக உயர்த்தினால் அளப்பது எளிதாகும்; ஆனால் ஒவ்வோர் ஆம்பியருக்கும் 1 வோல்ட் வீணாகி, கருவிக்குச் செல்லும் மின்னழுத்தம் குறைந்துவிடும். எனவே தடை சிறிதாகவே இருத்தல் நன்று. குறையைப் பெருக்கி ஈடுசெய்யும். 1940களில் கணக்கிடும் பொறிகளில் கூட்டல், கழித்தல் முதலிய செயல்களுக்குப் பயன்பட்டமையால் ‘செயற்பாட்டுப் பெருக்கி’ என்று பெயர்பெற்ற இச்சுற்று, இன்று எல்.எம்.358 போன்ற மலிவான சில்லுகளாகக் கிடைக்கிறது. ஒன்று மற்றதைப்போல் 9 மடங்குள்ள இரு தடைகளைக் கொண்டு அதன் பெருக்கத்தைப் பத்தாக அமைக்கலாம். அப்போது 1 ஆம்பியருக்கு 1 வோல்ட் கிடைக்கும். சாதாரண வோல்ட்மீட்டரே அம்மீட்டராகிவிடும்.

தடையை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகின்றனர். எதிர்முனைப் பக்கம் வைத்தால் சுற்று எளிது. ஆயினும் மேசைமீதுள்ள வேறொரு கருவியும் அதே நிலத்தொடர்பில் இணைந்திருந்தால், ஓட்டத்தின் ஒரு பகுதி அவ்வழியே திரும்பிச் செல்லும். அளவி குறைத்துக் காட்டும், எச்சரிக்கையும் தராது.

நேர்முனைப் பக்கம் வைத்தால் இத்தொல்லை இல்லை. ஆனால் 12 வோல்ட் மின்வழங்கியில் தடையின் இரு முனைகளும் ஏறக்குறைய 12 வோல்ட்டில் நிற்க, பெருக்கி அவற்றிடையே உள்ள சிறு வேறுபாட்டை மட்டும் பிரித்தெடுக்க வேண்டியுள்ளது. இதற்கு நான்கு தடைகள் துல்லியமாகப் பொருந்த வேண்டும். அவற்றுள் ஒன்று 1 சதவீதம் பிசகினாலும், ஓட்டமே இல்லாதபோது அளவி சுமார் 0.11 ஆம்பியர் காட்டக்கூடும். மேலும், எல்.எம்.358 தனக்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்தைவிட 1.5 வோல்ட் குறைவு வரையில்தான் உள்ளீட்டை உணரும். ஆகவே அதற்கு 12 வோல்ட்டினும் மிகுந்த தனி ஊட்டம் வேண்டும். மாணவர் செய்முறைக்கு, நிலத்தொடர்புகளைச் சரிபார்த்து எதிர்முனை முறையைக் கொள்வதே தக்கது.

அளவுத் தடைக்குச் செம்புக் கம்பியைப் பயன்படுத்தலாகாது. வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் செம்பின் தடை 0.4 சதவீதம் கூடும். மாங்கனின் கம்பி ஏற்றது. 2 ஆம்பியரில் 0.4 வாட் வெப்பமாகுமாதலால் 1 வாட் தடையையே தேர்க. பெருக்கிக்குச் செல்லும் இரு கம்பிகளையும் தடையின் உடலருகே தனியே பற்றவைக்க வேண்டும். இல்லையேல் பற்றுவைப்பின் தடையும் அளவில் சேர்ந்துவிடும்.

பெருக்கியின் உள்ளீட்டுப் பிசகு சில மில்லிவோல்ட் இருக்கலாம். 0.1 ஆம்பியருக்குத் தடையில் கிடைப்பதே 10 மில்லிவோல்ட் என்பதால் இதை அற்பமெனத் தள்ளலாகாது. முதலில் சுமையின்றி அளவியைப் படித்துக் குறித்துக்கொள்க. பின்னர் 25 வாட் தாங்கும் 12 ஓம் தடையை 12 வோல்ட்டில் இணைத்தால், அக்குறிப்பைக் கழித்தபின் 1 வோல்ட்டுக்கு மிக அருகில் நிற்க வேண்டும். நில்லாவிடில் பற்றவைத்த இடங்களையே முதலில் சோதித்துப் பார்க்க.