முதுகு ஊசி போட்டதும் ஏன் நடுங்குகிறது?

சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளிலும் ஆபரேஷன் தியேட்டருக்குள் ஏ.சி. ஓடும். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையானாலும் நாமக்கல்லில் ஒரு சின்ன நர்சிங் ஹோமானாலும் சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகில்தான் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். கொஞ்ச நேரத்தில் சிலருக்குப் பல் தந்தியடிக்கும், கை தூக்கிப் போடும். ஜன்னி கண்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

முதலில் ஒரு சோற்றுக் குண்டானை நினைத்துக்கொள்ளுங்கள். மூடிவைத்த சோறு நெடுநேரம் நடுவில் சுடும். உடம்பும் நெஞ்சு, வயிறு, மூளையில் 37 டிகிரிச் சூட்டைப் பொத்தி வைத்திருக்கிறது. கை கால்களின் ரத்தக் குழாய்களை இறுக்கிக்கொள்வதுதான் அதற்கு மூடி. முதுகில் போடும் பூபிவகைன் என்ற மரப்பு மருந்து வலி நரம்புகளோடு, குழாய்களை இறுக்கும் நரம்புகளையும் மரக்கடித்துவிடுகிறது. குழாய்கள் விரிய, நடுச்சூடு கால்களுக்கு இறங்குகிறது. சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பிய கதைதான். அதனால்தான் கால் கதகதவென்று இருக்கும்போதே ஆள் நடுங்குகிறார்.

பிறகு மூளை, தசைகளைக் குலுக்கிச் சூடு உண்டாக்கச் சொல்கிறது. அந்த உத்தரவு மரத்த கால்களுக்குப் போய்ச் சேராது. அதனால் முழு வேலையும் கைகள், தோள், தாடை தலையில். ஆக்சிஜன் தேவை இரண்டு மடங்குக்கு மேலும் போகலாம். மானிட்டரில் இ.சி.ஜி. கோடு கிறுக்கலாகும், பி.பி. பட்டை ஊதி ஊதிப் பார்த்தும் அளவு காட்டாது.

நடுக்கத்தை அடக்கும் மருந்துகளில் பெத்திடின் பழைய கை. 25 மில்லிகிராமிலேயே பலருக்கு நடுக்கம் நின்றுவிடும், ஆனால் வாந்தி வரலாம், மூச்சு மந்தமாகலாம். டிரமடால் மூச்சை அந்த அளவுக்கு அமுக்காது, குமட்டல் உண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் கண்ணைச் சொக்க வைக்கும், நாடியையும் பி.பி.யையும் இறக்கும். முதுகு ஊசியே பி.பி.யை இறக்கியிருக்கும்போது இதைப் பார்த்துத்தான் போட வேண்டும். கெட்டமின் பி.பி.யைத் தாங்கும், இல்லாததையும் கண்முன் காட்டும். வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் நடுக்கத்துக்கும் உதவுகிறது என்கிறார்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

எது சிறந்தது என்றால், ஆளைப் பார்த்துத்தான். ஆனால் இவற்றில் எதுவும் இறங்கிய சூட்டைத் திருப்பித் தராது. நடுங்கச் சொல்லும் உத்தரவைத்தான் நிறுத்துகிறது. தாம்பாளம் முன்பே சுட்டிருந்தால் சோறு அவ்வளவு ஆறாது அல்லவா? அதுபோல ஊசிக்கு முன்பே சூடான காற்றுப் போர்வையால் கால்களைச் சூடாக்கி, டிரிப்ஸையும் வெதுவெதுப்பாக ஏற்றினால் நடுக்கம் குறைகிறது. என் ஓட்டு முதலில் போர்வைக்கு, பிறகுதான் மருந்துக்கு.

நீங்கள் மேஜையில் படுக்கும்போதே குளிர்ந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். வலிப்புக்கோ மன அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிரமடால் அவர்களுக்கு ஆகாமல் போகலாம்.