மின்பாதையும் உழவர் நிலமும்

மாலை வேளையில் புதுவைக் கடற்கரைச் சாலையின் விளக்குகள் ஒளிரக் கண்டு மகிழாதார் இலர். ஆயின் அவ்வொளி எவ்வழி வந்தது என எண்ணுவோர் மிகச் சிலரே. புதுவை அரசுக்கு உரிய எரிவாயு மின்நிலையம், காரைக்காலில் 32.5 மெகாவாட் திறனுடன் அமைந்த ஒன்றேயாகும். நமக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதி நெய்வேலி முதலிய வெளியூர்களிலிருந்து உயரழுத்த மின்பாதைகள் வழியாகவே வருகிறது.

உயரழுத்தம் எதற்கு? மின்சாரம் கம்பியில் செல்லுங்கால் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே அளவு மின்திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒன்றாகக் குறையும். வெப்ப இழப்போ நூறில் ஒன்றாகச் சுருங்கும்.

மின்பாதை அமைக்க முதலில் நிலத்தை அளந்து கோபுரங்களுக்கு இடம் குறிப்பர். பின்னர் கான்கிரீட் அடித்தளம் இட்டு, துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டங்களை முடுக்கிக் கோபுரம் எழுப்புவர். மின்காப்பிகளைத் தொங்கவிட்டு, முன்னோடிக் கயிற்றால் கம்பியை இழுப்பர். கம்பி வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஆதலால் தொய்வைக் கணக்கிட்டே கட்டுவர்.

இவ்வகைப் பணியில் பெரியது, சத்தீசுகரின் இராய்கரிலிருந்து தமிழகத்தின் புகளூர் வரை வரும் மின்பாதை. 800 கிலோவோல்ட் நேர்மின்னழுத்தம், 6,000 மெகாவாட் திறன், ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர் நீளம் கொண்ட இப்பாதை 2020ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கியது. அது மின்சாரம் வழங்கும் தென்னக மின்கட்டமைப்பில் நம் புதுவையும் ஓர் உறுப்பு.

இப்பாதை அமைந்தபோது, 2018ஆம் ஆண்டின் இறுதியில் கொங்கு மண்டல உழவர்கள் போராடினர். நெடுஞ்சாலை ஓரமாகப் புதைவடம் பதிக்குமாறு வேண்டினர். அவர்தம் துயரில் நியாயம் உண்டு. கோபுரம் நிற்கும் நிலத்தின் உரிமை உழவரிடமே இருக்கும். ஆயினும் கம்பியின் கீழ் வீடு கட்டவும் தென்னை வளர்க்கவும் இயலாது. நிலத்தின் விலையும் தாழும்.

கோபுர அடியிடத்திற்கு நிலமதிப்பில் 85 விழுக்காடு இழப்பீடு என்னும் நடுவண் அரசின் 2015ஆம் ஆண்டு நெறிமுறை, 2024இல் 200 விழுக்காடு எனத் திருத்தப்பட்டது. கம்பி செல்லும் நிலத்திற்கான உச்ச அளவும் 15இலிருந்து 30 விழுக்காடாயிற்று. உழவர் குரலில் நியாயம் இருந்தது என்பதற்கு இத்திருத்தமே சான்று எனலாம்.

மின்பாதை இன்றி நகரம் இல்லை. ஆயின் அதன் சுமையை வயல் மட்டுமே தாங்குதல் முறையன்று. விளக்கேற்றும் நாம், யாரோ ஒருவர் தம் நிலத்தில் நமக்கு வழிவிட்டிருக்கிறார் என்பதை மறவாதிருப்போமாக. வீணே எரியும் விளக்கை அணைப்பதும் அவருக்கு நாம் செலுத்தும் நன்றியே ஆகும்.