பழைய வீட்டுக்குப் புது ஏர்கோனா? முதலில் வீட்டைப் பாருங்கள்!

ஒற்றை மாடித் தெரஸ் வீட்டில் உண்மையான புழுக்கம் மாலை ஏழு மணிக்குத்தான் தொடங்கும். பகல் முழுவதும் வெயிலை வாங்கிக்கொண்ட கூரை ஓடும் சுவரும் அந்த வெப்பத்தை இரவில்தான் வீட்டுக்குள் இறக்குகின்றன. கிள்ளான், சிரம்பான், ஈப்போ, சுங்கைப் பட்டாணி என எங்கே போனாலும் 1970, 80களில் கட்டிய தாமான் வீடுகளில் இதே நிலைதான். தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல, முதன்முதலில் சொந்தமாக வாங்கிய வீடுகள் இவை. இன்று அங்கே பெரும்பாலும் இருப்பது வயதான அம்மாவும் அப்பாவும்தான்.

இருபது ஆண்டுகளாக ஏர்கோன் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளைகள் அழைத்து, "அண்ணே, அம்மா ரூமுக்குக் குளிரு பத்தல. பழசைக் கழட்டிட்டுப் பெருசா ஒன்னு போட்டுடுங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் பல நேரங்களில் குறை கருவியில் இருக்காது, வீட்டில் இருக்கும்.

காற்றுக்காகக் கட்டிய வீடு

அந்தக் காலத்து வீடுகள் காற்று வந்து போவதற்காகக் கட்டப்பட்டவை. கண்ணாடிப் பட்டை அடுக்கிய ஜன்னல், அதன் மேலே காற்றுத் துளை, கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி. காற்றாடி மட்டும் இருந்த நாளில் இவை எல்லாம் வரம். ஏர்கோன் போட்ட அறையிலோ, குளிர்ந்த காற்று இந்த வழிகளில் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக ஈரமும் சூடும் உள்ளே வரும். கருவி ஓய்வின்றி ஓடும்.

எனவே முதலில் ஓர் அறையை முடிவு செய்யுங்கள். பெற்றோர் தூங்கும் அறையை மட்டும் நன்றாக மூடுங்கள். துளைகளைப் பலகையோ பிளாஸ்டிக் தகடோ கொண்டு அடைத்து, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டினால் போதும். கூடமும் சமையலறையும் பழையபடி காற்றோட்டமாகவே இருக்கட்டும்.

அடுத்தது கூரை. ஓட்டுக்கும் சிலிங்குக்கும் இடையில் அடைபட்டிருக்கும் சூடுதான் இரவில் தலைமேல் இறங்குகிறது. சிலிங்கின் மேல் கண்ணாடி இழைப் பஞ்சு அல்லது ராக்வூல் பரப்பினால் அந்தச் சூடு அறைக்குள் இறங்குவது குறையும். ஓர் எச்சரிக்கை: மிகப் பழைய சிலிங் பலகைகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதை நீங்களாக அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

கேஸ் தானாகக் குறையாது

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் அதிகம் ஏமாறும் இடம் இது. "கேஸ் கம்மியா இருக்கு, டாப் அப் பண்ணணும்" என்று ஆண்டுதோறும் பணம் கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள். காரில் பெட்ரோல் தீர்வதுபோல ஏர்கோனில் கேஸ் தீராது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பாட்டி வீட்டில் ஒரே ஆண்டில் மூன்று முறை கேஸ் அடித்திருந்தார்கள். வெளியே இருக்கும் கருவியில் குழாய் சேரும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. கசிவுக்கு அதுவே அடையாளம். குழாய் முனையை வெட்டி, புதிதாக விரித்து, நட்டை முறையாக இறுக்கியதோடு வேலை முடிந்தது. கசிவை அடைத்த பிறகு குழாயை வேக்குவம் செய்துதான் கேஸ் நிரப்ப வேண்டும்.

குளிர் குறைந்தாலே கேஸ்தான் காரணம் என்பதும் இல்லை. பெரும்பாலும் அழுக்குதான் காரணம். பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீரில் கழுவுங்கள். இதற்கு ஆளே வேண்டாம். உள்ளே காயில் தகடுகளில் அழுக்கு ஏறியிருந்தால் மட்டும் கெமிக்கல் வாஷ் தேவைப்படும். தண்ணீர் சொட்டுகிறதா? வடிகால் குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது மாற்றலாம்?

கருவியின் பக்கவாட்டு ஒட்டியில் ஆர்22 என்று இருந்தால் அது பழைய தலைமுறை. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் கேஸ் என்பதால், 1987இன் மொண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலக நாடுகள் அதைக் கைவிட்டு வருகின்றன. நம்மைப் போன்ற வளரும் நாடுகளுக்கு அதில் 2030 முக்கியக் கெடு. அப்படிப்பட்ட கருவியில் கம்ப்ரசர் போய்விட்டால் செலவழித்துப் பழுது பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஆர்22 கருவியில் ஆர்32 கேஸை அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள். ஆர்32இன் அழுத்தம் மிக அதிகம், அது தீப்பற்றக்கூடியதும்கூட.

புதிது வாங்கும்போது பெரிதாக வாங்குவது நல்லது என்று நினைக்காதீர்கள். 10க்கு 12 அடி படுக்கையறைக்கு 1 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 9,000 பி.டி.யூ., பொதுவாகப் போதும். அளவுக்கு மீறிய கருவி அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் இருக்காது. அறை சில்லென்று இருந்தும் பிசுபிசுக்கும். இரவு முழுவதும் ஓட்டுவீர்கள் என்றால் இன்வெர்ட்டர் வகையே லாபம். நட்சத்திர எண்ணிக்கையோடு நிற்காமல், ஒட்டியில் போட்டிருக்கும் ஆண்டு மின்பயன்பாட்டு யூனிட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்பெட்டியைத் திறந்து பாருங்கள்

கடைக்காரர் பலரும் பேசாத விஷயம் இது. பழைய வீட்டில் ஏர்கோனைச் சாதாரண பிளக்கில் செருகி, அதே பிளக்கிலிருந்து நீட்டிப்புக் கம்பி இழுத்து வேறு எதையாவது ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சுவருக்குள் வயர் சூடாகி உருகுவது வெளியே தெரியாது. ஏர்கோனுக்குத் தனி வயர், தனி எம்.சி.பி. வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், ஏர்கோன் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் இதற்கு ஒதுக்குங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் மட்டுமே இந்த வேலையைக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

இவ்வளவும் செய்துவிட்டு வந்தாலும், மின்கட்டணத்துக்குப் பயந்து அம்மா பத்து மணிக்கே ஏர்கோனை அடைத்துவிடுவார். வயதானவர்களுக்கு வெப்பமும் தூக்கமின்மையும் உடம்பைப் பதம் பார்க்கும். எனவே கணக்கைச் சொல்லிப் புரிய வையுங்கள். ஏறக்குறைய 800 வாட் இழுக்கும் 1 குதிரைத்திறன் கருவி எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் ஆறரை யூனிட்டைத் தாண்டாது. மூடிய அறையில், 26 டிகிரியில் வைத்துக் காற்றாடியையும் மெதுவாகச் சுழலவிட்டால் அதைவிடக் குறைவாகவே ஆகும். அந்தக் கூடுதல் கட்டணத்தை மாதாமாதம் உங்கள் கைப்பேசியிலிருந்தே கட்டிவிடுங்கள். பில் தன் கைக்கு வராது என்று தெரிந்தால்தான் அம்மா விடியும்வரை ஏர்கோனை ஓடவிடுவார்.