தலையாட்டினால் ‘சரி’யா, ‘முடியாது’வா?

பெங்களூருக்குப் பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் முதல் வாரத்தில் திணறுவது காரத்தால் மட்டுமல்ல, நம் தலையாட்டலாலும்தான்!

“வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடுமா?” என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தலையை இப்படியும் அப்படியுமாகச் சாய்க்கிறார். ஆமாவா, இல்லையா? ஜெர்மனியிலிருந்து வந்தவருக்கு எப்படிப் புரியும்? நமக்கே சில நேரம் புரியாதே!

முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்பதை மரியாதைக் குறைவாக நினைத்து வளர்ந்தவர்கள் நாம். ‘பார்க்கலாம்’, ‘ட்ரை பண்றேன்’ என்றால் பெரும்பாலும் நடக்காது என்றே அர்த்தம். அதை நம்பிக் காத்திருந்தால், இரண்டு மாதப் பயிற்சியில் ஒரு வாரம் கரைந்துவிடும். விவரமானவர்கள் “முடியுமா?” என்பதை விட்டுவிட்டு, “இதுவரை எவ்வளவு முடிந்திருக்கிறது?” என்று கேட்கப் பழகிவிடுகிறார்கள்.

காகித வேலைகளில் இந்த நெளிவு சுளிவு கிடையாது. 180 நாள்களுக்கு மேற்பட்ட பயிற்சி விசா என்றால், வந்த 14 நாள்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் ஆன்லைனில் பதிவுசெய்ய வேண்டும். டீக்கடையில் எல்லோரும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்ய, இங்கே வங்கிக் கணக்கு இல்லாதவர் சில்லறை தேடுவது தனிக்கதை.

சக ஊழியர் வீட்டு விருந்திலோ எல்லாம் தலைகீழ். “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று பாட்டி நேரடியாகவே கேட்பார். ‘போதும்’ என்று விருந்தாளி சொல்வதை மட்டும் யாரும் நம்புவதில்லை. தட்டுக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் நீட்டினால்தான் கரண்டி நிற்கும்.