வதிவிடப் பல்கலைக்கழகமும் புதிய விடுதித் திட்டமும்: பேராதனை தரும் படிப்பினை

மாணவர் விடுதி அமைத்தலைக் கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் மட்டுமே தீர்க்கவேண்டிய பிரச்சினையாகக் கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எத்தனை மாடி, எத்தனை கட்டில் என்னும் வினாக்களுடன் ஆய்வு நின்றுவிடுகின்றது. எந்த மாணவருக்காக விடுதி எழுப்பப்படுகின்றது என்பதே முதன்மையான வினாவாகும். பேராதனையின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

1942 இல் தாபிக்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் 1952 இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. சேர் பற்றிக் அபர்குறொம்பியின் திட்ட ஆலோசனையும், ஷேர்லி டி அல்விஸின் கட்டட வடிவமைப்பும், துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸின் கல்விக் கொள்கையும் அங்கு ஒன்றிணைந்தன. ஹந்தானை மலைச்சாரலில் அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, சங்கமித்தை முதலிய பெயர்களில் விடுதிகள் எழுந்தன. விடுதிக் காப்பாளரும் பொது உணவு மண்டபமும் கொண்ட அவ்வமைப்பு ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் மரபைத் தழுவியதாகும். விரிவுரை மண்டபத்துக்கு வெளியிலும் கல்வி தொடரும் என்னும் அதன் அடிப்படைக் கருத்து இன்றும் ஏற்புடையதே.

ஆயினும், அத்திட்டம் ஆங்கிலமொழி மூலம் கற்ற சிறுதொகையினரையே மனங்கொண்டிருந்தது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960 முதல் பல்கலைக்கழகத்திற் புகுந்த சுயமொழிப் போதனையும் மாணவர் தொகையையும் அவர்தம் சமூகப் பின்னணியையும் ஒருங்கே மாற்றின. ஒருவர் இருவருக்கென அமைந்த அறைகளிற் பலர் நெருங்கி வாழும் நிலை தோன்றியது. அனுமதிக் கொள்கை மாறிய வேகத்திற்கு வதிவிடக் கொள்கை ஈடுகொடுக்கவில்லை.

இது வெறும் வசதிக் குறைவன்று. மலையகத் தோட்டத்திலிருந்தோ, மன்னார்க் கரையோரத்திலிருந்தோ, வன்னிக் கிராமத்திலிருந்தோ வரும் மாணவர் வெளியிடத்தில் அறை வாடகைக்கு அமர்த்த நேரின், போதனைக் கட்டணமில்லாக் கல்வியும் அவருக்கு எட்டாக் கனியாகிவிடும். வசதி படைத்தவருக்கு விடுதி ஓர் அனுபவம். வறியவருக்கோ அதுவே கல்வியின் முன்நிபந்தனை.

ஆகவே, புதிய விடுதிகளைத் திட்டமிடுவோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, அனுமதிக்கப்படுவோர் தொகையும் விடுதி இடங்களும் ஒரே வேளையில் தீர்மானிக்கப்படல் வேண்டும். அனுமதித்தபின் இடந்தேடுதல் திட்டமிடலாகாது. இரண்டாவது, படிப்பறை, சமையல் வசதி, நீர் வழங்கல், கழிவகற்றல் ஆகியன கட்டிலோடு சேர்த்தே கணக்கிடப்படல் வேண்டும். மலைச்சரிவிற் கட்டும்போது மண்சரிவு அபாயமும் முன்கூட்டியே ஆராயப்படல் அவசியம். மூன்றாவது, கலைப்பீடங்களிற் பெண்களே பெரும்பான்மையினராதலின், நூலகத்திலிருந்து விடுதிவரையுள்ள பாதையின் தூரமும் வெளிச்சமும் கல்வி சார்ந்த பிரச்சினைகளே. நான்காவது, சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் மொழிவாரியாகப் பிரிந்து வாழாது ஒரே கூரையின்கீழ்ப் பழகும் வகையில் இடங்கள் பகிரப்படல் வேண்டும். போதனை மொழி பிரித்துவைத்த மாணவரை ஒன்றுசேர்க்கவல்ல களம் விடுதியே.

இத்திட்டங்களை வகுக்குமிடத்து, அங்கு வாழப்போகும் மாணவரின் பிரதிநிதிகளும் கலந்துகொள்ளல் இன்றியமையாதது. பேராதனையின் அழகைப் பேணுவது நம் கடமை. அவ்வழகினுள் வறிய மாணவருக்கும் உரிய இடத்தை உறுதிசெய்வது அதனினும் பெரிய கடமையாகும்.