மலைமேல் ஒரு வழக்கு, அடிவாரத்தில் ஒரு முதல்வர்

கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் பாதையில், மேகம் விலகிய காலை வேளையில் நின்று கீழே நோக்குவோர்க்குப் பெரியகுளம் தென்படும். மேலுள்ள ஊரையும் கீழுள்ள ஊரையும் நமது அரசியல் சாசன சரித்திரம் ஒருமுறை அருகருகே நிறுத்தியது.

கொடைக்கானலின் பிளசண்ட் ஸ்டே ஹோட்டல் விதிமீறி மாடிகளை எழுப்ப அரசு அளித்த விலக்கை, பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தார் நீதிமன்றத்தில் எதிர்த்து வென்றனர். அவ்விலக்கின் பேரில் தொடரப்பட்ட ஊழல் வழக்கில், 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட, அன்றே தருமபுரியில் அதை எதிர்த்த கலகக்காரர் கொளுத்திய பேருந்தில் மாணவிகள் மூவர் மாண்டனர். அந்தத் துயரத்தை நினையாமல் இவ்விஷயத்தைப் பேச என் மனம் இசையவில்லை.

ஆயினும் மலை வழக்கு அவர் வேட்பாளராவதைத் தடுக்கவில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவு இரண்டாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனையையே தடையாகக் கொண்டது. தடுத்தது, 2000 அக்டோபரில் டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நில வழக்கில் விதிக்கப்பட்ட மூன்றாண்டுத் தண்டனையே. 2001 ஏப்ரலில் ஆண்டிபட்டி உட்பட நான்கு தொகுதிகளிலும் அவருடைய மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. ஆனால் அவர் கட்சி அமோகமாக வென்றது. சட்டசபை அங்கத்தினர் அல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராயிருக்கலாம் என்ற 164(4) விதியைக் கொண்டு, மே 14 அன்று ஆளுநர் பாத்திமா பீவி அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்.

செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்நியமனம் செல்லாது என்றனர். அந்த ஆறு மாத அவகாசம், தேர்தலில் நின்று அங்கத்தினராகும் தகுதியுடையவர்க்கு உரியதேயன்றி, நிற்கவே சட்டம் அனுமதியாதவர்க்கு உரியதன்று. மக்களின் தீர்ப்பும் சாசனத்தின் வழியாகவே வெளிப்படுவதால், பெரும்பான்மை எத்துணைப் பெரிதாயினும் அச்சாசனம் விதித்த தடையை அழிக்க அதற்கு அதிகாரமில்லை. வாக்களித்த லட்சோபலட்சம் பேரை இது அவமதிப்பதாகச் சிலர் மனம் நொந்தனர். அவர்களுடைய வாக்குரிமையே அந்தச் சாசனம் தந்த செல்வம் அல்லவா?

அன்றிரவே பெரியகுளம் உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். டிசம்பர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் டான்சி, கொடைக்கானல் வழக்குகள் இரண்டிலும் ஜெயலலிதாவை விடுவித்தது. ஆகவே செப்டம்பர் தீர்ப்பே பிழை என வாதிப்போருடன் நான் உடன்படேன். பதவியேற்ற நாளில் தகுதி இருந்ததா என்பதே அங்கு கேள்வி. தடை நீங்கியபின், முந்தைய ஏப்ரலில் மனு நிராகரிக்கப்பட்ட அதே ஆண்டிபட்டியில் இடைத்தேர்தலில் நின்று வென்று, 2002 மார்ச் 2 அன்று அவர் மீண்டும் முதல்வரானார்.