பார்பரெஸ்கோ ஊரின் திராட்சைச் சங்கமும் சுவைச் சோதனையும்

கூட்டுறவுச் சரக்கு என்றால் இரண்டாந்தரமாகத்தான் இருக்கும் என்னும் எண்ணம் கடைத்தெருவில் பரவிக் கிடக்கிறது. நம் அங்கத்தினருள்ளும் சிலர் அதை ஒப்புக்கொண்டவர்களைப்போலவே நடந்துகொள்கின்றனர். கரை திருத்தமாக விழுந்த சேலை தனி வியாபாரிக்குப் போகிறது. இழை அறுந்து முடிச்சு விழுந்தது சங்கத்துக்கு வருகிறது. தணிக்கைக்குச் சென்று இருப்பு அறையைத் திறந்தால், கணக்குப் புத்தகத்தைப் புரட்டுமுன்னரே அடுக்கிலுள்ள துணி நமக்கு இக்கதையைச் சொல்லிவிடுகிறது. இந்த நோய்க்கு மருந்து கண்ட ஒரு சங்கத்தைப்பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறோம். அது நெசவுச் சங்கமன்று. இத்தாலி நாட்டின் வடமேற்கே, பியெட்மாண்ட் மாநிலத்தில், தனாரோ ஆற்றங்கரைக் குன்றின்மேல் அமைந்த பார்பரெஸ்கோ என்னும் சிற்றூரில் திராட்சை பயிரிடுவோர் நடத்தும் ஒயின் சங்கம் அது.

மதுவைப்பற்றிக் கூட்டுறவுப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்கும் நேயர்கள் இருப்பார்கள். குடியினால் தவணை தவறிய வீடுகளை நாமும் பார்த்திருக்கிறோம். குடிக்கச் சொல்லுவது நம் நோக்கமன்று. ஒயினைச் சோதிக்கும் தொழிலுடையோர் அதை விழுங்குவதுமில்லை. வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள கலத்தில் துப்பிவிடுவார்கள். நூலின் முறுக்கை விரலால் நெருடிப் பார்ப்பதும், நெல்லைக் கடித்துப் பதம் பார்ப்பதும் எவ்வகையோ, அவ்வகையான காரியமே இது.

முதலில் அச்சங்கம் பிறந்த வரலாறு. நெபியோலோ என்னும் கருந்திராட்சை அவ்வட்டாரத்தின் செல்வம். ஆயினும் 1894க்கு முன் பார்பரெஸ்கோவின் பழத்துக்குத் தனிப்பெயர் இருந்ததில்லை. பக்கத்திலுள்ள பரோலோ என்ற புகழ்பெற்ற ஒயினுக்கு அது விலையாகிப் போயிற்று. பயிரிட்டவன் பெயரும் ஊர்ப் பெயரும் வழியிலேயே மறைந்தன. ஆல்பா நகரின் அரசாங்க ஒயின் கல்விக்கூடத்துக்குத் தலைவராயிருந்த தொமித்சியோ கவாத்சா என்பவர் பார்பரெஸ்கோவில் குடியிருந்தார். தம்மூர்ப் பழத்தின் குணம் வேறு என்பதை அவர் கண்டார். 1894இல் ஒன்பது நில உரிமையாளர்களைச் சேர்த்து, தமக்குச் சொந்தமான கோட்டையிலேயே கூட்டு ஒயின் சாலையைத் தொடங்கினார். 1913இல் அவர் காலமானார். பின்னர் வந்த பாசிச ஆட்சிக்காலத்தில் சங்கத்தை மூட நேர்ந்தது.

யுத்தத்திற்குப் பின் அக்குன்றுகளில் வறுமை மிகுந்திருந்தது. இளைஞர்கள் தூரின் நகரத்துத் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். துண்டு துண்டான நிலம் வைத்திருந்த குடும்பங்கள் தனித்து நின்றால் பிழைக்க வழியில்லை என்பதை உணர்ந்தவர் அவ்வூர்ப் பாதிரியார். 1958இல் பத்தொன்பது சிறு விவசாயிகளைக் கூட்டி அவர் சங்கத்துக்கு மறுபடியும் உயிர் கொடுத்தார். முதல் மூன்று பருவங்களின் ஒயின் மாதாகோவிலின் நிலவறையிலேயே தயாராயிற்று; அதன்பின்னரே எதிரில் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் அங்கத்தினராக உள்ளன. நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட நெபியோலோ தோட்டம் அவர்கள் கையில் இருக்கிறது.

இனி நாம் அச்சங்கத்தின் சுவைச் சோதனை மேசைக்கு முன் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். முதலில் வருவது லாங்கே நெபியோலோ, இளமையானது, எளியது. அடுத்தது ஊர்ப் பெயர் தாங்கிய பார்பரெஸ்கோ. கடைசியில் தனித்தனித் தோட்டங்களின் ரிசெர்வா. இந்த வரிசைக்குக் காரணமுண்டு. வன்மையானதை முன்னால் வைத்தால், பின்னால் வரும் மென்மையானதை நாக்கு அறியாது.

கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஊற்றுவார்கள். வெள்ளைத் துணியின்மேல் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் நமக்கு ஏமாற்றமே உண்டாகும். கருந்திராட்சையின் ஒயின் மை போலிருக்கும் என்று எதிர்பார்த்தோம். இதுவோ வெளிறிய மாதுளை நிறம். வயதேற ஏற ஓரத்தில் செங்கல் நிறம் படரும். நிறம் குறைவு என்பதால் தரம் குறைவு என்று எண்ணுவது தவறு. நெபியோலோவின் இயல்பே அது. கிண்ணத்தைச் சுழற்றினால் மணம் எழும். ரோஜாவும் தாரும் சேர்ந்த மணம் என்பது இத்திராட்சைக்குப் பலரும் சொல்லும் அடையாளம். ரோஜாவும் தார்ச்சாலையும் எப்படி ஒன்றாகும் என்று நகைக்கத் தோன்றும். ஆயினும் சொல்லுக்குள் அடங்காத மணத்தை மற்றவர்க்கு உணர்த்த வேறு வழியில்லை.

மணத்தைப் பார்ப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. நனைந்த அட்டையைப் போன்ற நெடி வந்தால், தக்கையில் பற்றிய ஒரு பொருள் ஒயினைக் கெடுத்துவிட்டது என்று அறியலாம். மழைக்காலத்தில் ஈரங்கண்ட நூற்சிப்பத்தைப் பிரித்தவர்களுக்கு இந்நெடி புதிதன்று. அந்தப் புட்டியை ஒதுக்கிவிட்டு வேறொன்று திறப்பார்கள்.

வாயில் வைத்தவுடன் புளிப்பும், அதனைத் தொடர்ந்து துவர்ப்பும் தோன்றும். இத்துவர்ப்பைப் புதிதாய் வருவோர்க்கு விளக்க மேல்நாட்டார் படும் பாடு பெரிது. துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாக எண்ணிய நமக்கு அத்தொல்லை இல்லை. பாக்கும் நாவற்பழமும் கடுக்காயும் நாக்கைப் பிடித்து இழுப்பதுபோலவே இதுவும் இழுக்கிறது. சாயத்தொழில் அறிந்த அங்கத்தினர்கள் இதை இன்னும் நன்கு உணர்வார்கள். பருத்தி நூலில் சாயம் பற்றுவதற்குக் கடுக்காய் நீரில் ஊறவைப்பது பழைய வழக்கம். அந்தக் கடுக்காயிலுள்ள துவர்ப்புப் பொருளும், திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ளதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. சாறு புளிக்கும்போது தோலோடு சேர்த்து ஊறவிடுவதால் நிறமும் துவர்ப்பும் அதில் இறங்குகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்பு இளகிப் பட்டுப்போலாகும். அதற்காகவே பார்பரெஸ்கோவை 26 மாதங்கள் வைத்திருந்தபின்னரே விற்க வேண்டுமென்றும், அதில் 9 மாதங்களாவது மரப்பீப்பாயில் இருக்கவேண்டுமென்றும் இத்தாலியச் சட்டம் விதிக்கிறது. ரிசெர்வாவுக்கு 50 மாதம். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி நான்கு ஆண்டு சரக்கைப் பூட்டி வைத்துவிட்டு அடுப்பை எரிக்க முடியுமா? பொது முதல் இருப்பதனாலேயே அது கைகூடுகிறது.

மூன்றாவது கட்டமே நம்மைப் பெரிதும் கவர்வது. ஒரே ஊர், ஒரே பழம், ஒரே ஒயின் சாலை, ஒரே செய்முறை. ஆயினும் அசீலி என்னும் தோட்டத்தின் ஒயின் மென்மையும் நறுமணமும் கொண்டது. மொந்தெஸ்தெஃபானோவினுடையது துவர்ப்பு மிகுந்து முறுக்கேறி நிற்பது. ரபயா, போரா, ஒவெல்லோ, பயே, மொந்தெஃபீக்கோ, மொக்ககத்தா, ரியோ சோர்தோ என்று மற்றவையும் சேர்த்து ஒன்பது தோட்டங்களை இச்சங்கம் தனித்தனியே புட்டியிலடைக்கிறது. சரிவு எத்திசை நோக்குகிறது, மண்ணில் சுண்ணாம்பும் மணலும் என்ன அளவில் உள்ளன என்பவற்றால் வரும் வேறுபாடு இது.

சங்கம் என்றால் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டிக் கலப்பது என்று எண்ணியிருந்தோர்க்கு இது வியப்பளிக்கும். இதற்கு அடிப்படை இரண்டு விதிகள். அங்கத்தினர் தம் நெபியோலோ முழுவதையும் சங்கத்துக்கே கொடுக்கவேண்டும். நல்லதை வெளியே விற்றுவிட்டுக் கழிவை இங்கே தள்ளும் வழி அடைபட்டுவிடுகிறது. பணம் கொடுப்பதும் நிறையை மட்டும் பார்த்தன்று, பழத்தின் தரத்தைப் பார்த்து. முதல் விதியைமட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால் அது அடக்குமுறையாகிவிடும் என்பது நம் கருத்து. நாம் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில் எல்லாப் பழத்துக்கும் ஒரே விலை என்று தீர்மானம் செய்திருந்தார்கள். சமத்துவம் என்று அதற்குப் பெயர். மூன்றாம் ஆண்டில் நல்ல பழம் கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். மிஞ்சிய சரக்கைக் கேட்பாரில்லை.

சுவைச் சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1986இல் இதே வட இத்தாலியில் மலிவான ஒயினில் மெத்தனால் என்னும் நச்சுச் சாராயத்தைக் கலந்து விற்றார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பலர் கண்பார்வை இழந்தனர். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்ததும் அதே நஞ்சு. எத்தனை தேர்ந்த நாக்காயினும் அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டும். இத்தாலியில் அந்த ஆண்டு நேர்மையானவர்களின் ஒயினும் விலைபோகாமல் தேங்கிற்று.

தனித்தோட்டப் புட்டியின் பின்புறச் சீட்டில் அத்தோட்டத்துக்கு உரிய குடும்பங்களின் பெயர்களை அச்சிடுகிறார்கள். சேலையின் முந்தானையில் நெசவாளியின் பெயரைப் பொறித்தாற்போல என்று கொள்ளலாம். ஆனால் இது எல்லா ஆண்டும் நடப்பதன்று. பருவம் பொய்த்துப் பழம் சிறக்காத ஆண்டில், ஒன்பது தோட்டத்து ஒயினையும் ஒன்றாகக் கலந்து வெறும் பார்பரெஸ்கோ என்றே விற்றுவிடுகிறார்கள். உயர்ந்த சரிவில் நிலம் வைத்திருப்பவருடைய ஒயினும் அவ்வாண்டு அந்தப் பொதுப் பீப்பாயில்தான் சேரும். அவர் பெயரும் சீட்டில் வராது.